வீட்டுக்கு இரண்டு ரிபேட்

தோட்டாவை முழு விலை கொடுத்து வாங்குகிறவனைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பணம் இருக்கிறது, பொறுமை இல்லை, அவ்வளவுதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கிருந்து ஆரம்பித்தது என்று கேட்டீர்கள், அது இங்கிருந்துதான் ஆரம்பித்தது.

எல்ராய் செத்ததைப் பற்றித்தான் நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். அதற்கு வருகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மான் வேட்டை நவம்பரில். அதற்கு முன்னால், ஆகஸ்டிலேயே, தோட்டா கம்பெனிகள் ரிபேட் அறிவித்துவிடும். இருபது தோட்டா உள்ள பெட்டி கடையில் நாற்பத்திரண்டு டாலர். பெட்டி மடிப்பில் இருக்கும் பார்கோடை வெட்டி, கடை ரசீதைச் சேர்த்து, படிவத்தை நிரப்பித் தபாலில் அனுப்பினால் பெட்டிக்குப் பதினைந்து டாலர் திரும்ப வரும். ரொக்கமாக அல்ல, கடையில் காசு போலச் செலவழிக்கிற, உங்கள் பெயர் போட்ட ஒரு அட்டையாக, பத்து வாரம் கழித்து. வாங்குகிறவர்களில் பாதிப்பேர் வெட்டவே மாட்டார்கள். வெட்டுகிறவர்களில் பாதிப்பேர் ரசீதைத் தொலைத்துவிடுவார்கள். கம்பெனிக்காரன் அந்தச் சோம்பேறித்தனத்தை நம்பித்தான் அறிவிக்கிறான். அவனை ஜெயிக்க ஒரு நல்ல கத்தரிக்கோலும் ஒழுங்கும் இருந்தால் போதும். என்னிடம் இரண்டும் இருந்தன.

படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: ஒரு வீட்டுக்கு இரண்டு ரிபேட் மட்டும். அதை எழுதியவன் ஒரு தபால்காரனை மனதில் வைத்து எழுதவில்லை.

என் பெயர் நார்பர்ட் ஹௌகன். எல்லோரும் நார்ப் என்பார்கள். வடக்கு விஸ்கான்சினில் இந்த ஒரே பாதையில் முப்பத்தோரு வருடம் தபால் கொடுத்திருக்கிறேன். பாதையின் கடைசிப் பகுதி ஏரிக்கரை. அங்கே இருப்பதெல்லாம் சிகாகோக்காரர்களின் கோடை வீடுகள். செப்டம்பர் முதல் வாரத்தோடு படகைக் கரையேற்றி, தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்கள் பெயருக்கு என்ன வந்தாலும் என் கையைத் தாண்டித்தான் போகவேண்டும். அப்படி இருபத்தோரு வீடுகள். வீட்டுக்கு இரண்டு.

நான் யாருடைய கடிதத்தையும் திருடவில்லை. அந்த அட்டைகளை அவர்கள் கேட்கவும் இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை. அவற்றில் அவர்களுடையது என்று இருந்தது பெயர் மட்டும்தான். தபால் தலைகூட என் காசில் வாங்கி ஒட்டினேன். ஆபீசிலிருந்து ஒரு தபால் தலையைத் தொட்டதில்லை. இதைக் குறித்துக்கொண்டால் நல்லது.

ஒவ்வொரு படிவத்துக்கும் தனி ரசீது வேண்டும். அதனால் பெட்டிகளை ஒன்றிரண்டாகத்தான் வாங்குவேன். கடையில் பில் போடுகிற ஜோலீன் கேலி செய்வாள்.

"மறுபடியும் நீயா நார்ப்? காலைலதான வந்துட்டுப் போன. கனடாக்காரன் மேல படையெடுக்கப் போறியா?"

"வர்றப்ப உனக்கும் ஏதாவது புடிச்சுட்டு வர்றேன்" என்பேன். அவள் சிரித்துக்கொண்டே பில் போடுவாள். என் வீட்டு நிலவறையில் எட்டு வருடத்துத் தோட்டா இருந்தது. அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட நான் சுட்டு முடிக்கப்போவதில்லை. ஏன் வாங்கினாய் என்றால், கிடைக்கிற ரிபேட்டை விட எனக்கு மனம் வரவில்லை என்றுதான் சொல்வேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாயங்காலங்கள் நீளமாக இருக்கும்.

எல்ராய் என் பள்ளிக்கூடச் சிநேகிதன். பிறகு என் தங்கை டார்லாவைக் கட்டிக்கொண்டான். வெள்ளிக்கிழமை பாரில் மீன் வறுவலும் பிராந்தியும், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பாடு. இருபத்தாறு வருடமாக எனக்கென்று இருந்த வாரம் அதுதான். வாயைத் திறந்தால் மூடமாட்டான். ரகசியம் என்று ஒன்றை அவனிடம் சொன்னால் மாதாகோயிலில் மைக் போட்டுச் சொன்ன மாதிரிதான். அவனுக்கு இந்த ரிபேட் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தது நான். நாங்கள் இருவரும் ஒரே அளவுத் தோட்டாதான் போடுவோம்.

"அட போ மச்சான்" என்றான். "பதினஞ்சு டாலருக்காக எவன் கத்தரிக்கோலப் புடிச்சுக்கிட்டு உக்காருவான்? ஸ்கூல்லயே நான் ஒழுங்கா வெட்டினதில்ல."

"ரெண்டு பெட்டி வாங்கினா முப்பது, மாப்ள."

"முப்பது வயசுலயே நீ பொண்ணு பாக்கப் போயிருந்தா, இந்நேரம் என் வீட்டுச் சோத்துல கை வெக்க மாட்ட."

டார்லா அடுப்புப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். கடைசியில் அவன் இரண்டு பெட்டி வாங்கினான், நான் சொன்ன கம்பெனியில், நான் சொன்ன வாரத்தில். அவன் கையெழுத்து அவனுக்கே புரியாது என்பதால் படிவத்தை நான்தான் நிரப்பினேன். மடிப்பையும் நான்தான் வெட்டினேன். அவனுடைய பெயர், அவனுடைய விலாசம். இருந்த படிவங்களிலேயே என்னுடையதும் அவனுடையதும்தான் உண்மையானவை.

அக்டோபர் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, கடிதங்கள் வந்தன. ரிபேட் அட்டைகள் என்றுதான் முதலில் நினைத்தேன். தோட்டா கம்பெனியின் உறை, மேலே சிவப்பில் "பாதுகாப்பு அறிவிப்பு, உடனே படிக்கவும்." நான் படிவங்களில் எழுதியிருந்த விலாசங்களுக்கெல்லாம், மொத்தம் இருபத்து மூன்று. ஏரிக்கரைக்கு இருபத்தொன்று, எனக்கு ஒன்று, எல்ராய்க்கு ஒன்று. எங்கள் ஆபீசின் பொறுப்பாளர் கொலீன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன நார்ப், ஏரிக்கரைல எல்லாரும் வேட்டைக்காரங்களா? அந்த டென்டிஸ்ட் பொண்டாட்டி ஒரு எலியப் பாத்தாலே ஊரைக் கூட்டுவாளே."

"விளம்பரமா இருக்கும்" என்றேன்.

"வெளம்பரத்துக்கு இவ்ளோ தபால் செலவு பண்றானா?" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். நான் எல்லாவற்றையும் ஒரு ரப்பர் பாண்டில் கட்டினேன்.

ஏரி முனையில் வண்டியை நிறுத்தி, என் பெயருக்கு வந்ததைப் பிரித்தேன். அது என்னுடையது, பிரிக்க எனக்கு உரிமை உண்டு. குறிப்பிட்ட சில தொகுதித் தோட்டாக்களில் வெடிமருந்து அளவுக்கு மேல் விழுந்துவிட்டதாம். சுட்டால் துப்பாக்கி வெடிக்கலாம், உயிருக்கு ஆபத்து நேரலாம். தொகுதி எண் பெட்டியின் மடிப்பில் உள்பக்கம் அச்சாகியிருக்கும், சரிபார்க்கவும். மடிப்பு இல்லாதவர்கள் எதையும் சுடாமல் இலவச எண்ணுக்குக் கூப்பிடவும்.

அந்த மடிப்பில்தான் பார்கோடும் இருந்தது. என் வீட்டில் எந்தப் பெட்டியிலும் மடிப்பு கிடையாது. எல்ராய் வீட்டுப் பெட்டிகளிலும் கிடையாது.

இந்த மாதிரிக் கடிதங்களை எழுதுவது வக்கீல்கள். ஒரு முறை என்னுடைய ரொட்டி சுடும் இயந்திரத்துக்குக்கூட இப்படி ஒன்று வந்தது. அது இன்றைக்கும் வேலை செய்கிறது. அதனால் நான் அந்தக் கடிதத்தை நம்பவில்லை. இதை நேற்றும் சொன்னேன்.

எல்ராயின் கடிதத்தை ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் உங்கள் கேள்வி. கொடுத்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பாரில் கடிதத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பான். என் மச்சான் கஞ்சத்தனம் என் உசுருக்கே உலை வெச்சிருச்சு என்று அரை மணி நேரம் கதை சொல்லியிருப்பான். அடுத்த மேஜையில் கொலீன் இருப்பாள். இருபத்து மூன்று உறைகள் அவளுக்கு ஞாபகம் வரும். ஒரு ஃபோன் போட்டால் போதும். எனக்கு ஓய்வூதியத்துக்குப் பதினான்கு மாதம் இருந்தது. முப்பத்தோரு வருடம் பனியிலும் சேற்றிலும் போய் வந்தவனை, கோடை வீட்டுக்காரர்களின் பெயரில் சில்லறை பார்த்தான் என்று வெளியே தள்ளியிருப்பார்கள்.

நான் அதை அழிக்கவில்லை. தள்ளிவைத்தேன். இரண்டு மாதம் போனால் கொலீன் மறந்துவிடுவாள், அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். வண்டி இருக்கைக்கு அடியில் கட்டு அப்படியே இருந்தது.

சும்மாவும் இருக்கவில்லை. அக்டோபர் கடைசியில் துப்பாக்கியின் குறியைச் சரிபார்க்க நானும் அவனும் சரளைக்கல் குழிக்குப் போனோம். ஒவ்வொரு வருடமும் போவதுதான். அவன் பெட்டியைத் திறந்தபோது சொன்னேன், "பழைய கம்பெனித் தோட்டாவே நல்லாருந்துச்சுல்ல மாப்ள?"

"யோவ், நீதான வாங்கச் சொன்ன" என்றான். "இன்னும் முப்பது டாலரே கைக்கு வரல, அதுக்குள்ள கொறை சொல்றியா? காசு வரட்டும், அப்புறம் சேந்து கொறை சொல்லுவோம்."

ஆறு முறை சுட்டான். நான் இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டேன். ஆறும் ஒரே இடத்தில் விழுந்தன. "கம்பெனிக்காரன் கெட்டிக்காரன், மச்சான்" என்று என் முதுகில் தட்டினான். எனக்கு மனம் லேசானது. ஆறு நல்லதாக இருந்தால் மிச்சமும் நல்லதாகத்தானே இருக்கும் என்று அன்றைக்கு நியாயமாகத்தான் தோன்றியது.

வேட்டை தொடங்குவதற்கு முந்தின வியாழக்கிழமை கடைக்குப் போனேன். வேறு கம்பெனிப் பெட்டி ஒன்று வாங்கி, பரிசு மாதிரிக் கொடுத்து, அவனுடையதை நான் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பெட்டியைக் கையில் எடுத்தும் விட்டேன். ஐம்பத்து நான்கு டாலர் போட்டிருந்தது. ஜோலீன் தூரத்திலிருந்தே சொன்னாள்.

"அதுக்கு ரிபேட் டிசம்பர் ஒண்ணாந்தேதிதான் நார்ப். உனக்கா தெரியாது?"

இரண்டு வாரம் பொறுத்தால் இருபது டாலர் திரும்பி வரும். எட்டு வருடமாக நான் ஒரு பெட்டியையும் முழு விலைக்கு வாங்கியதில்லை. அதை அலமாரியில் திரும்ப வைத்தேன். நேராக வைத்துவிட்டு வந்தேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

சனிக்கிழமை விடியும்போது நாங்கள் காட்டில் இருந்தோம். எனக்கு ஒரு மரத்தில் இருக்கை, அவனுக்குச் சதுப்பின் அந்தப் பக்கம் இன்னொரு மரத்தில். ஏறுவதற்கு முன் டார்லா கட்டிக் கொடுத்த மான் தொத்திறைச்சியில் பாதியை ஒடித்து எனக்குக் கொடுத்தான்.

"பெருசு உன் பக்கம் வந்தா எனக்கு விட்டுரு மச்சான். நீ சுட்டா தோலையும் கூப்பனுக்கு அனுப்பிருவ."

அதுதான் அவன் நல்ல குரலில் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

ஏழு மணி பத்து நிமிடத்துக்குச் சத்தம் கேட்டது. முப்பது, நாற்பது வருடமாக மான் துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் பழகிய காது எனக்கு. இது அந்தச் சத்தம் இல்லை. ஏணியில் இறங்கும்போதே அழுதுகொண்டுதான் இறங்கினேன். சதுப்பில் மேலே பனி கட்டியிருந்தது, அடியில் இல்லை. இடுப்புவரை நனைந்து போய்ச் சேர்ந்தேன். அவன் மரத்தடியில் கிடந்தான். முகத்தின் வலது பக்கத்தைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை, உங்களிடம் படங்கள் இருக்கும்.

என்னை அடையாளம் தெரிந்தது. "மச்சான்" என்றான். "மான் விழுந்துச்சா?"

"விழுந்துச்சு மாப்ள. பெருசு."

எந்த மானும் விழவில்லை. கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். மரம் வெட்டுகிறவர்களின் தடத்தில் ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் கை குளிர்ந்துவிட்டது.

அது அவனுடைய அப்பா வைத்திருந்த துப்பாக்கி. ஷெரிப் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு, பழசு, இரும்பு விட்டுப்போயிருக்கும் என்றார்கள். ஊரும் அதையே சொன்னது. மறுத்துச் சொல்ல யாரும் இல்லை. அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் ஹாம் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, டார்லா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"போன வருசமே அத வித்துட்டுப் புதுசு வாங்குறேன்னாருண்ணே. நான்தான் அவங்கப்பா ஞாபகமா இருக்கட்டும்னேன். நான் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இன்னிக்கு உசுரோட இருந்திருப்பாரு."

அவள் சாப்பிடவில்லை, தூங்கவுமில்லை. தினமும் தபால் கொடுக்கப் போகும்போது சன்னலில் அவள் முகம் தெரியும். ஒவ்வொரு நாளும் அந்தத் துப்பாக்கியைப் பற்றியே சொன்னாள். அவள் என் தங்கை. எட்டு வயதிலிருந்து நான்தான் அவளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டவன். செய்யாத தப்பை அவள் தலையில் போட்டுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

அடக்கத்துக்கு நான்காம் நாள் எல்ராயின் ரிபேட் அட்டைகள் வந்தன. இரண்டு, சரியாக. அவற்றை அவள் தபால் பெட்டியில் வைத்தபோது, இருக்கைக்கு அடியிலிருந்த கட்டைப் பிரித்து அவன் பெயருக்கு வந்த கடிதத்தையும் எடுத்துச் சேர்த்து வைத்தேன். அதைப் படித்தால் துப்பாக்கி மேல் தப்பில்லை, தன் மேல் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். கம்பெனி மேல் வழக்குப் போட்டால் நல்ல தொகையும் வரும். அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அன்றைக்குப் பல நாளைக்கு அப்புறம் நன்றாகச் சாப்பிட்டேன்.

உறையின் மேல் தபால் முத்திரை இருக்கும், அதில் தேதி இருக்கும். முப்பத்தோரு வருடம் முத்திரைகளைப் பார்த்தே பிழைத்தவன், அந்த ஒன்றைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் ரோட்டோரம் தபால் பெட்டி பக்கத்தில் கோட்டுகூடப் போடாமல் நின்றிருந்தாள். வண்டியை நிறுத்தினேன். உறையைச் சன்னல் வழியாக நீட்டினாள்.

"இதுல அக்டோபர் ஆறுன்னு போட்டிருக்கு."

"தபால் சில சமயம் லேட்டாகும், டார்லா."

"உன் ரூட்லயாண்ணே?"

ஊரெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். எங்கண்ணன் ரூட்ல ஒரு கடுதாசி ஒருநாள் பிந்தினதில்ல என்று.

"கம்பெனிக்கு ஃபோன் பண்ணேன்" என்றாள். "ஏரிக்கரை வீடுங்களுக்கெல்லாம் அனுப்பினாங்களாம். பேரைப் படிச்சுக் காட்டினா அந்தப் பொண்ணு. உனக்கும் அனுப்பியிருக்காங்கண்ணே. உனக்கும்."

அவள் கத்தவில்லை. உறையை மடித்து மார்போடு வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். பாதையில் மிச்சமிருந்த நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் தபால் கொடுத்துவிட்டுத்தான் ஆபீசுக்குத் திரும்பினேன். கொலீனிடம் கட்டை நானே எடுத்துக் கொடுத்தேன். என்ன இது என்று கேட்டாள். ஏரிக்கரைக் கடிதங்கள் என்றேன்.

இதுதான் நடந்தது. ரிபேட் விஷயத்தை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். கடிதத்தை நிறுத்தி வைத்ததையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்ராய் சாகவேண்டும் என்று நான் ஒரு நிமிடம்கூட நினைத்ததில்லை. அவனைப் போல ஒருவன் எனக்கு இனிமேல் கிடைக்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போவது என்று தெரியவில்லை. அந்தக் கடிதத்தை நான் நம்பவில்லை, அவ்வளவுதான். நம்பியிருந்தால் சொல்லியிருப்பேன்.

நேற்று கிளம்பும்போது நீங்கள் ஒன்று கேட்டீர்கள். அன்றைக்குக் காலையில் என் துப்பாக்கியில் எந்தத் தோட்டா இருந்தது என்று. ஞாபகமில்லை என்றேன். ஞாபகம் இருக்கிறது. போன வருடத்து மிச்சம், பழைய கம்பெனி. கடிதம் வந்த அன்றைக்கே நிலவறையில் தேடி எடுத்து வைத்தேன். பதினோரு தோட்டா இருந்தது. ஒரு வேட்டைக்கு எனக்கு நான்குக்கு மேல் தேவைப்பட்டதே இல்லை.